மிச்சக் காசை வாங்கிக்கொண்டு போங்கள்: சிறுவர் சந்தையில் பிள்ளை படிக்கும் கணக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆரம்பப் பிரிவு உள்ள பல பாடசாலைகளில் வருடத்தில் ஒரு கிழமை கொப்பியும் பாடநூலும் ஓரமாக ஒதுங்கிவிடும். கிடுகும் பழைய சேலையும் கட்டிப் பந்தல் எழும்பும். சின்னப் பிள்ளைகள் மேசைக்குப் பின்னால் நின்று கீரை, தேங்காய், கச்சான், தயிர்ச் சட்டி என்று விற்பார்கள். சில இடங்களில் இதைச் சிறுவர் சந்தை என்பார்கள், சில இடங்களில் மாணவர் சந்தை. எந்தக் கிழமை என்பது பாடசாலைக்குப் பாடசாலை மாறும். நோன்பு விடுமுறை எடுக்கும் முஸ்லிம் பாடசாலைகளின் நாட்காட்டியே வேறு. அதனால் காத்தான்குடியில் ஒரு காலம் என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் ஆரையம்பதியில் இன்னொரு காலமாக இருக்கலாம். பெற்றோர் கேட்கும் கேள்வி மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "இந்தக் கிழமை பிள்ளைக்கு ஒண்டும் படிப்பிக்கயில்லையா?"

படிப்பிக்கிறார்கள். சொல்லப்போனால் ஆரம்பப் பிரிவில் நடக்கும் கணித பாடங்களில் கனமான பாடம் இதுதான். அதை அரைகுறையாக்கிவிடுகிறவர்கள் பெரும்பாலும் சந்தைக்கு வரும் பெரியவர்கள். அது எப்படி என்று பார்ப்பதற்கு முன், இந்தச் சந்தைக்கும் வகுப்புக்கும் என்ன தொடர்பு என்று சொல்ல வேண்டும்.

இப்போதைய ஆரம்பக் கல்வியின் அடித்தளம் 1990களின் கடைசியில் வந்த சீர்திருத்தம். 1998இல் கம்பஹா மாவட்டத்தில் வெள்ளோட்டம் பார்த்து, 1999இல் நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். தரம் 1, 2 ஒரு முதன்மை நிலை. 3, 4 அடுத்தது. 5 தனி நிலை. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஆகிய நான்கும் மையப் பாடங்கள். கீழ் வகுப்பில் விளையாட்டும் செயற்பாடும் தூக்கலாக இருக்கும். மேலே போகப் போக இருந்து எழுதும் வேலை கூடும். இதுதான் அதன் ஒழுங்கு. முதலாந் தரத்துப் பிள்ளையிடம் இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டால் "விளையாடினோம்" என்று பதில் வருவது பிள்ளையின் கள்ளமில்லை. பாடத்திட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த நான்கு பாடங்களையும் ஒரே மேசையில் வைத்துவிடுகிறது சந்தை. விலைச் சீட்டை எழுதுவது மொழி. பொருள் எங்கிருந்து வந்தது என்பது சுற்றாடல். எண்ணுவது, நிறுப்பது, காசு வாங்குவது எல்லாம் கணிதம். நிறையிலே குறை வைக்காமல் விற்பது சமய பாடத்தில் வருகிற சங்கதி; கோயில் பிள்ளைக்கும் பள்ளிவாசல் பிள்ளைக்கும் அது பொது.

நிறுப்பதிலிருந்து தொடங்கலாம். பெரியவர்கள் யோசித்துப் பார்க்காத ஒரு சிக்கல் அங்கே இருக்கிறது. தேங்காயை எண்ணி விற்கிறோம். அரிசியை நிறுக்கிறோம். பொன்னாங்காணியும் வல்லாரையும் பிடி பிடியாகக் கட்டி விற்கிறோம். மீன் என்றால் சில நேரம் கிலோ, சில நேரம் கூறு. தயிர் சட்டியாகப் போகிறது. பால் போத்தலாகப் போகிறது. கச்சானைச் சுண்டால் அளந்து கடதாசிச் சுருளில் கொட்டிக் கொடுக்கிறோம். ஏன் கீரையை எண்ணுவதில்லை? ஏன் தேங்காயை நிறுப்பதில்லை? எட்டு வயதுப் பிள்ளைக்கு இது உண்மையான கேள்வி. ஒன்று ஒன்றாகப் பிரிந்து நிற்கும் பொருளை எண்ணலாம். கொட்டினால் குவியலாகிற பொருளை அளக்க வேண்டும். அளப்பதற்கு ஓர் அலகு வேண்டும், அந்த அலகு இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதனால்தான் கீழ் வகுப்புகளில் சென்ரிமீற்றரையும் கிலோகிராமையும் எடுத்தவுடன் சொல்லிக் கொடுப்பதில்லை. மேசையைச் சாணால் அளக்கவிடுவார்கள், முற்றத்தைக் காலடியால் அளக்கவிடுவார்கள், வாளித் தண்ணீரைச் சிரட்டையால் அளக்கவிடுவார்கள். ஒருத்தி ஏழு சாண் என்பாள், ரீச்சர் ஐந்து சாண் என்பார். இரண்டும் சரி, இரண்டும் ஒத்துவரவில்லை. அந்த இடத்தில் பிள்ளைக்கு அளவுகோல் தேவைப்படுகிறது. அப்புறம்தான் அளவுகோல் கையில் வருகிறது. சந்தையில் இதே பாடம் கீரைக் கட்டாக வந்து நிற்கும். என் கட்டு பெரிசு, உன் கட்டு சின்னன், விலை மட்டும் ஏன் ஒன்று என்று இரண்டு மேசைக்காரர்கள் சண்டை பிடிப்பார்கள். சண்டையை விலக்க ஓடும் ரீச்சரைவிட, தராசைக் கொண்டுவந்து நடுவில் வைக்கும் ரீச்சர் நல்ல ரீச்சர்.

காசுக்கு வருவோம். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நம் பிள்ளைகளின் எண்ணுலகம் மாறிவிட்டது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். விலைகள் ஏறிய இடத்திலேயே பெரும்பாலும் நின்றுவிட்டன. சதக் குற்றி புழக்கத்தில் இல்லை. ஒரு ரூபா, இரண்டு ரூபாக் குற்றிகளுக்கும் கடையில் மதிப்பில்லை, சில்லறை இல்லையென்றால் டொபி ஒன்றைக் கையில் வைத்துவிடுகிறார்கள். இதன் விளைவு விசித்திரமானது. வகுப்பில் பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்ன எண்களில் நிற்கிறது. கடையிலோ இருபதுக்குக் கீழே எதுவுமில்லை. நாற்பத்தேழு என்ற எண்ணைச் சரியாகத் தெரியாத பிள்ளைக்கு நூறும் ஆயிரமும் தெரியும். எப்படித் தெரியும் என்றால் நிறத்தால். செம்மஞ்சள் தாள் நூறு, பச்சை ஆயிரம், நீலம் ஐம்பது. படத்திலுள்ள பறவையையும் வண்ணத்துப்பூச்சியையும் வைத்துக்கூட அடையாளம் சொல்லுவார்கள்.

நிறத்தால் தெரிந்த நூறு இன்னும் எண்ணாகவில்லை. பத்து பத்து ரூபாக் குற்றியைப் பரப்பி வைத்து, இது எல்லாம் சேர்ந்தால் அந்தச் செம்மஞ்சள் தாள் என்று மாற்றிக் கொடுத்து வாங்கும்போதுதான் அது எண்ணாகிறது. இடப்பெறுமானம் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். ஒன்றுகள் பத்துச் சேர்ந்தால் ஒரு பத்து, பத்துகள் பத்துச் சேர்ந்தால் ஒரு நூறு. கரும்பலகையில் கட்டம் கீறி விளங்கப்படுத்துவதைவிடச் சில்லறை மாற்றுவது வேகமாக வேலை செய்யும்.

சந்தையின் நடு நரம்பு மிச்சக் காசு. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அறுபத்தைந்து ரூபாவுக்குக் கச்சான் வாங்கிய ஒருவர் நூறு ரூபாத் தாளைத் தருகிறார். கொப்பியில் இதைச் செய்ய வேண்டுமென்றால் 100க்குக் கீழே 65ஐ எழுதிக் கோடு போட வேண்டும். பூச்சியத்திலிருந்து ஐந்து போகாது. பக்கத்தில் பத்துகளின் இடத்தில் கடன் கேட்டால் அங்கேயும் பூச்சியம். அதையும் தாண்டி நூறுகளின் வீட்டுக்குப் போய் ஒன்றை உடைத்து, பத்துப் பத்துகளாக்கி, அதில் ஒன்றை மறுபடி உடைத்து ஒன்றுகளாக்க வேண்டும். மூன்றாந் தரத்துப் பிள்ளைக்கு இது உண்மையிலேயே வில்லங்கமான கணக்கு. இதில் தடுக்கி விழாத பிள்ளைகள் குறைவு.

இதையே கல்முனைச் சந்தையில் மரக்கறி விற்கும் ஓர் உம்மா எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். அவர் கழிப்பதே இல்லை. கையில் ஐந்து ரூபாக் குற்றியை வைத்து "எழுபது" என்கிறார். பத்து ரூபாவை வைத்து "எண்பது". இருபது ரூபாத் தாளை வைத்து "நூறு, சரியா மகன்?" முடிந்தது. விலையிலிருந்து தந்த காசு வரைக்கும் மேலே ஏறிப் போகிறார். கழித்தல் கணக்கு கூட்டல் கணக்காகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், திருப்பிக் கொடுத்த தொகை முப்பத்தைந்து என்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமேயில்லை. மொத்தம் எவ்வளவு என்று எண்ணாமலே, மிகச் சரியாக மிச்சம் கொடுக்க முடியும்.

சந்தை மேசையில் நிற்கும் பிள்ளைக்கு இந்த வழி தானாகவே பிடிபடும். யாரும் சொல்லிக் கொடுக்காமலேகூடச் சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற பிள்ளைகளைத் தெரெசினியா நூனெஸ், டேவிட் கரஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூவர் கவனித்து 1985இல் எழுதினார்கள். வாடிக்கையாளர் மாதிரிப் போய் விலை கேட்டபோது பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. ஐந்தே பிள்ளைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் அதில் வரும் ஒரு பையனை மறக்க முடியாது. வயது 12. ஒரு தேங்காய் 35 குருசேரோ (அன்றைய பிரேசில் காசு). நாலு தேங்காய் எவ்வளவு என்று கேட்டால், மூன்று தேங்காய் 105, அதோடு இன்னொன்று என்று கூட்டி 140 என்கிறான். பிறகு தாளில் 35ஐ 4ஆல் பெருக்கு என்றால் 200 என்று எழுதுகிறான். நாலைந்து இருபது, கையில் இரண்டு. அந்த இரண்டை மூன்றோடு முதலிலேயே கூட்டி ஐந்தாக்கி, நாலைந்து இருபது என்று மறுபடி பெருக்கிவிட்டான். தெருவில் நின்றிருந்தால் நாலு தேங்காய்க்கு இருநூறு கேட்டிருப்பானா? வாங்க வந்தவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். கொப்பியில் சிரிக்க யாருமில்லை, சிவப்புப் பேனா மட்டும்தான்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் வகுப்பே தேவையில்லை, பிள்ளையைச் சந்தையில் விட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. 2025இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று அந்த எண்ணத்துக்குத் தடை போடுகிறது. பொருளியலாளர்களான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இன்னும் சிலரும் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,400 பேருக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். சிக்கலான கொடுக்கல் வாங்கலை மனக்கணக்காகச் செய்து முடிக்கும் அந்தப் பிள்ளைகள் பாடநூல் கணக்கில் திணறினார்கள். பாடநூல் கணக்கை நன்றாகச் செய்யும் பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஓர் அறிவு மற்ற இடத்துக்குத் தானாகக் கடந்து போகவில்லை. நம் ஊரில் கிழக்குப் பக்கத்து எழுவான்கரையையும் மேற்குப் பக்கத்துப் படுவான்கரையையும் வாவி பிரித்து வைத்திருப்பது மாதிரி இரண்டும் எதிரெதிர்க் கரையில் கிடக்கின்றன; யாராவது பாதை (ஆட்களை ஏற்றிக் கரை கடத்தும் தெப்பம்) ஓட்டினால்தான் கடக்க முடியும். அதை ஓட்டுவது வகுப்பாசிரியரின் வேலை. சிறுவர் சந்தையை ஏன் பாடசாலைக்குள் வைக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, பெரியவர்கள் எங்கே கெடுக்கிறார்கள்?

நாடா வெட்டித் திறப்பு விழா நடக்கும். மாலை போட்ட விருந்தினர்கள் மேசை மேசையாக வருவார்கள். ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டு ஐந்நூறு ரூபாவையோ ஆயிரம் ரூபாவையோ நீட்டி, "மிச்சத்த நீயே வெச்சிரு மனே" என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போவார்கள். பெற்றோரும் அதையே பார்த்துச் செய்வார்கள். மனசு நல்ல மனசுதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நொடியில் பாடம் போய்விட்டது. ஐந்நூறு ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளை கழிக்கவில்லை, கூட்டவில்லை, சில்லறை தேடி அடுத்த மேசைக்கு ஓடவில்லை, பிழைத்துப்போய் மறுபடி எண்ணவும் இல்லை. அன்பளிப்பு வாங்கிய அனுபவம் மட்டும்தான் மிச்சம். இதில் இன்னொரு கெடுதியும் இருக்கிறது: வசதியுள்ள தகப்பனின் பிள்ளையின் மேசையில் காசு குவியும், பக்கத்து மேசைப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும். யார் நன்றாக விற்றார்கள் என்பதற்குக் கணக்கில் பதில் இல்லாமல் போகிறது.

விலையை வட்டமாக வைப்பதும் இதே ரகம். எல்லாம் நூறு ரூபா, எல்லாம் ஐம்பது ரூபா என்று வைத்தால் வேலை சுலபம், பாடம் பூச்சியம். 35, 65, 80 என்று விலை இருந்தால்தான் மிச்சம் என்ற பேச்சே வரும். முன்கூட்டியே ஐந்து ரூபா, பத்து ரூபாக் குற்றிகளாக வங்கியில் மாற்றி வைத்து, ஐந்தாந் தரத்துப் பிள்ளைகள் இரண்டு பேரைச் "சில்லறை வங்கி"யாக நடுவில் இருத்திவிடலாம். தாளைக் கொண்டுபோய்க் குற்றியாக மாற்றி வருவது கீழ் வகுப்புக்கு ஒரு வேலை.

ஐந்தாந் தரம் என்றதும் ஞாபகம் வருகிறது. பல இடங்களில் அந்த வகுப்பு சந்தைக்கே வருவதில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்கான பயிற்சி வினாத்தாளோடு உள்ளே இருப்பார்கள். அந்த வினாத்தாளிலேயே "ஒருவர் கடையில் மூன்று பொருட்களை வாங்கி ஐந்நூறு ரூபா கொடுத்தால் மீதி எவ்வளவு" என்ற மாதிரிக் கேள்வி இருக்கும். வெளியே நடப்பதை உள்ளே தாளில் கற்பனை பண்ணச் சொல்கிறோம்.

பொருளின் பக்கம் திரும்பினால் சுற்றாடல் பாடம் விரிகிறது. படுவான்கரையில் வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் விற்க உண்மையான பொருள் இருக்கும். வளவில் முருங்கை, பப்பாசி, சேனையில் சோளன், கௌபி, பட்டியில் எருமைத் தயிர், குளத்து மீன். நகரத்துப் பிள்ளை முதல் நாள் பின்னேரம் கடையில் கரட்டும் லீக்ஸும் வாங்கி வந்து மேசையில் அடுக்கும். குற்றமில்லை. ஆனால் ரீச்சர் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது: இது எங்கே விளைந்தது? கரட் நம் மணலில் விளைந்ததில்லை. நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் குளிர்நிலத்தில் விளைந்து, தம்புள்ளை மொத்தச் சந்தை போன்ற இடங்களைத் தாண்டி லொறியில் இறங்கி வந்தது. முருங்கைக்காய் பின்வளவிலிருந்து நடந்து வந்தது. இரண்டின் விலையிலும் எது எது சேர்ந்திருக்கிறது என்று ஐந்தாந் தரத்துப் பிள்ளையால் யோசிக்க முடியும். இந்தப் பாடத்தில் மட்டும், நகரத்துப் பிள்ளையைவிடப் படுவான்கரைப் பிள்ளை இரண்டு எட்டு முன்னால் நிற்கும். பரீட்சைப் பெறுபேற்றை வைத்துக் கல்வி வலயங்களை ஒப்பிடுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

பருவமும் மேசையில் தெரியும். பெரும்போக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் சந்தை வைத்தால் புது நெல்லரிசியும் மழைக்கு முளைத்த கீரையும் தாராளமாக வரும். ஆடியில் வைத்தால் மேசை வெறிச்சோடும், மாம்பழக் காலம் முடியாமல் இருந்தால் தப்பினோம். சுற்றாடல் பாடத்தில் வரும் மழையும் வெயிலும் விலைச் சீட்டில் ஏறிவிடுகின்றன.

அம்பாறை மாவட்டத்தில் இன்னொரு வாய்ப்பும் உண்டு, அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. தமிழ்மொழிப் பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களமும், சிங்களப் பாடசாலையில் தமிழும் சொல்லிக் கொடுக்கிறார்கள். "கீயத?" என்று விலை கேட்பதும் எண்ணைச் சொல்வதும் எந்த மொழியிலும் முதலில் தேவைப்படுகிற பேச்சு. பக்கத்து ஊர்ச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளை வாங்க வரச் சொன்னால், கொப்பியில் பல மாதம் எழுதிய சொற்கள் ஒரு காலையில் வாயில் வந்துவிடும்.

சந்தை முடிந்த பிறகுதான் ஆசிரியரின் உண்மையான வேலை தொடங்குகிறது. பல இடங்களில் பந்தலைக் கழற்றியதும் எல்லாம் முடிந்துவிடும். முகநூலில் படம் ஏறும், அவ்வளவுதான். அடுத்த பாடத்தில் அந்தக் கச்சான் கணக்கைக் கரும்பலகைக்குக் கொண்டுவர வேண்டும். 100க்குக் கீழே 65 என்று எழுதிப் பிள்ளைகளைச் செய்யவிட்டால் சிலர் 165 என்று விடை எழுதுவார்கள். பூச்சியத்திலிருந்து ஐந்து போகாதென்பதால் ஐந்திலிருந்து பூச்சியத்தைக் கழித்து ஐந்து, அடுத்ததும் அப்படியே ஆறு, முன்னால் ஒன்று சும்மா இறங்கி வந்துவிட்டது. வழக்கமாக இதற்குப் பிழை அடையாளம் போட்டு, முறையை மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுப்போம். சந்தையில் விற்ற பிள்ளையிடம் அப்படிச் செய்யத் தேவையில்லை. நூறு ரூபா தந்த ஆளுக்குக் கச்சானையும் கொடுத்து நூற்று அறுபத்தைந்து ரூபா மிச்சமும் கொடுப்பியா என்று கேட்டால் போதும். வகுப்பு சிரிக்கும், எழுதின பிள்ளையும் சிரிக்கும், எழுபது, எண்பது, நூறு என்று விரல் மடித்து முப்பத்தைந்துக்கு வரும். கடன் வாங்கிக் கழிக்கும் முறையை அதற்குப் பிறகு சொல்லிக் கொடுத்தால், வந்த விடை சரியா என்று பார்க்க அந்தப் பிள்ளையிடம் சொந்தமாக ஒரு வழி இருக்கும்.